கழுவாத கறி

போன வாரம் கல்வராயன் மலையிலிருந்து போன் வந்தது. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில், என் இடத்துக்கு இப்போது சமைக்க வந்திருக்கும் செல்விதான் கூப்பிட்டாள். கோழிக்குழம்பு வைத்தால் வாசனை மலை இறங்கும் என்று பேர் வாங்கியவள். அன்றைக்கு அவள் குரலே சரியில்லை.

“பெரிப்பா, புது டாக்டரு கறி வாங்கியாந்துக்கிறாரு. ஒரே துண்டு, செங்கல்லாட்டம் கீது. கூட ஒரு பாட்டில் அரைச்ச கடுகு, ஒரு டப்பா கிரீமு. போன்ல வீடியோ காட்டி, இதே மாதிரி பண்ணுன்றாரு. அதகூட பண்ணிடுவேன். கறிய கழுவக்கூடாதாம்.”

“ஆமா.”

“இன்னா ஆமா? கழுவாம எப்புடி பெரிப்பா அடுப்புல வெக்கிறது? நீ அத்தினி வருசம் டாக்டரம்மாவுக்குக் கழுவாமத்தான் செஞ்சு குடுத்தியாமே? சரசு அத்த சொல்லுச்சு.”

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் பல வருடம் காப்பாற்றிய பொய் ஒன்று அவிழ்ந்துவிடும். அவிழ்ப்பதென்றால் முழுவதையும் அவிழ்ப்பதே மரியாதை.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் சொல்லச் சொல்ல, கள்ளக்குறிச்சியில் என்னை வைத்துக் காப்பாற்றுகிற என் மகள் எழுதுகிறாள். நான் ‘துன்னாரு’ என்றால் அவள் ‘சாப்பிட்டார்’ என்று எழுதுகிறாள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. சொன்னால் கேட்க மாட்டாள். போகட்டும்.

நான் பிறந்தது திருநாவலூர் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி. பள்ளிக்கூடத்தைக் கோயில் மதில் மேலிருந்து பார்த்திருக்கிறேன். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நிற்கிற ஓட்டலில் தட்டு கழுவச் சேர்ந்தேன். தட்டிலிருந்து அண்டா. அண்டா கழுவுகிறவனுக்கு அடுப்புப் பக்கம் நிற்க இடம் கிடைக்கும். அப்படி அரிசி கழுவவும் கறி கழுவவும் வந்து, கடைசியில் கரண்டி பிடித்தேன். பிறகு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம், கரும்பு அரைவை நேரத்தில் வண்டிக்காரர்களுக்குச் சோறு போடுகிற கொட்டகையில் ஆறு பருவம். பதினைந்து வருடத்தை இத்தனை சீக்கிரம் சொல்லிவிட்டேன், ஏனென்றால் அதில் பெரும்பாலும் தண்ணீர்தான்.

கறி கழுவுவதில் எனக்கு ஒரே குரு, என்னைப் பெற்றவள். “கழுவுன தண்ணில ஒம் மூஞ்சி தெரியணும். அதுவரிக்கும் கழுவு” என்பாள். ஒரு முறை உப்பு, ஒரு முறை மஞ்சள், பிறகு வெறும் தண்ணீர் எத்தனை முறை வேண்டுமானாலும். மூஞ்சி தெரியாமல் நான் ஒரு நாளும் கறியை அடுப்பில் வைத்ததில்லை.

அப்படிப்பட்டவனை மலை மேல் அந்த ஆஸ்பத்திரியில் சமையலுக்கும் காவலுக்கும் சேர்த்து ஒரே ஆளாக எடுத்தார்கள். நோயாளிகளுக்குக் கஞ்சி, வேலை செய்கிறவர்களுக்குச் சோறு, டாக்டரம்மாவுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. டாக்டர் எஸ்தர் சென்னைக்காரர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்கும் அதேதான் இருக்கும், என் வயதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவருடைய அப்பா கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்திருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகளுக்கு ஒரு கறி செய்வாராம். இரண்டு விரல் கனத்தில் எலும்பில்லாத மாட்டுக்கறி, இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் சுட்டு, மேலே கடுகும் பாலாடையும் சேர்த்த குழம்பு. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சட்டி மட்டும் மகளோடு மலை ஏறியிருந்தது. குழந்தைகளை எடை போடுகிற தராசில் ஒருநாள் அதை வைத்துப் பார்த்தேன். நல்ல கொழுகொழு குழந்தை.

மலை ஜனங்கள் மாட்டுக்கறி தொட மாட்டார்கள். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த டாக்டரம்மாவின் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கறி. கறி வாங்கி வருவது என் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி என் வீட்டில் படுப்பேன். விடிந்ததும் கறிக்கடைக்குப் போய், முதல் பஸ்ஸில் திரும்பி ஏறுவேன்.

அந்த பஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கினால் ஆள் மேல் ஆள் விழும். பையில் கறி வைத்திருந்தால் நாலு பேர் மூக்கைப் பிடிப்பார்கள். ஆஸ்பத்திரியில் தடுப்பூசி கொண்டுபோகிற நீலப் பெட்டி ஒன்று கொக்கி உடைந்து, வேண்டாமென்று மூலையில் கிடந்தது. அதைக் கழுவி ஐஸ் போட்டுக் கறியை வைத்துக் கொண்டுவந்தேன். கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததும், “யோவ் வழி வுடுங்கய்யா, ஊசி மருந்து போவுது” என்று சொல்லி எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார். நான் ஊசி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பாட்டி தன் பேரனிடம் என்னைக் காட்டி, “சேட்ட பண்ணா அந்த ஆளு ஊசி போட்டுடுவாரு” என்றாள். மலை ஏறும்வரை அவன் மூச்சு விடவில்லை.

டாக்டரம்மா எனக்குச் சொன்ன முதல் சட்டம் இதுதான்.

“ஏழுமலை, இந்தக் கறியைக் கழுவக் கூடாது.”

“கொஞ்சமா?”

“கொஞ்சமும் கூடாது. கழுவினா கிருமி சாகாது, சமையக்கட்டு முழுக்கத் தெறிக்கும். கிருமியைக் கொல்றது நெருப்பு. தண்ணி பட்ட கறி சிவக்காது. எங்க அப்பா சொல்வாரு, சட்டியில ஈரம் விழுந்தா அன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லைன்னு.”

நான் தலையாட்டினேன். அன்றைக்குக் கறியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கொல்லையில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் போய் மூஞ்சி தெரிகிற வரைக்கும் கழுவினேன். மூன்று பூனைகள் உட்கார்ந்து பார்த்தன. அவை யாரிடமும் சொல்லாது என்று நினைத்தேன்.

ஈரக் கறி சட்டியில் விழுந்தால் சீறாது, அழும். தண்ணீர் விட்டு, நுரைத்து, துவைத்த துணி நிறத்தில் வந்தது. போதாததற்கு நான் கடுகைக் காய்ந்த எண்ணெயில் போட்டு வெடிக்கவிட்டு, கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டிருந்தேன். கடுகு என்றால் வெடிக்கத்தானே வேண்டும்?

டாக்டரம்மா கத்துகிறவர் இல்லை. அவர் கத்தியிருந்தால் நான் சீக்கிரம் திருந்தியிருப்பேன். தட்டை வெளிச்சத்தில் வைத்து, கறியை இரண்டு விரலால் தொட்டு, நோயாளியிடம் கேட்கிற குரலில் கேட்டார்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“இப்பதாம்மா எறக்குனேன்.”

“குளிர் ஜுரம். கழுவினீங்களா?”

“இல்லம்மா.”

“சரி” என்று ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, “இது போயிடுச்சு. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார்.

அன்றைக்குச் சொன்ன ‘இல்லம்மா’தான் அந்தப் பொய். அதற்குப் பிறகு என் வேலை, கழுவவும் வேண்டும், கழுவாத கறி மாதிரி சீறவும் வேண்டும் என்று ஆனது. வழி ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. புண்ணுக்கு வைத்துக் கட்டுகிற, சல்லடை மாதிரி நெய்த வெள்ளைத் துணி. சுருளில் பாதி வெட்டி மீந்த துண்டுகளை வேறு எதற்காவது ஆகும் என்று ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். கழுவிய கறியை அதில் சுற்றி, கையால் ஒற்றி, மறுபடி வேறு துண்டில் சுற்றி ஒற்றினால் கறி அப்படியே காய்ந்துவிடும். அடுத்த மாதம் சட்டி சீறியது. டாக்டரம்மா கறியைத் தொட்டுப் பார்த்து, “நோயாளி பொழச்சுட்டாரு” என்றார். எனக்குப் பட்டாபிஷேகம் பண்ணின மாதிரி இருந்தது.

செய்முறையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். செல்வி, இதை நீ கவனமாகக் கேள்.

கறி இரண்டு விரல் கனம். அடுப்பில் வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு பக்கமும் உப்புத் தூவி, நிழலில் வை. வைக்கப் போகும்போது இன்னொரு முறை ஒற்று. இரும்புச் சட்டியை வெறுமையாகக் காய வை. லேசாகப் புகை எழுந்த பிறகு கடலை எண்ணெய் ஒரு கரண்டி. கறியை உன் பக்கமிருந்து எதிர்ப் பக்கமாகச் சாய்த்துப் படுக்க வை, இல்லாவிட்டால் எண்ணெய் உன் கையைப் பதம் பார்க்கும். பிறகு தொடாதே. இதுதான் எனக்குக் கஷ்டமான பாடம். அடுப்பில் ஒன்று இருக்கும்போது கிளறாமல் நிற்பது சமையல்காரனுக்குச் சாபம். டாக்டரம்மா நாடி பிடிக்கிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குக் கடிகாரம் தெரியாது, நூறு வரைக்கும் எண்ணத் தெரியும். ஒரு பக்கத்துக்கு நிதானமாக இரண்டு நூறு. திருப்பினால் அடிப்பக்கம் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டும். அந்தப் பக்கமும் இரண்டு நூறு.

வெந்ததா என்று பார்க்கக் குத்திப் பார்க்கக் கூடாது. டாக்டரம்மா என் கையை நீட்டச் சொல்லி, கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்க்கச் சொன்னார். “கட்டைவிரலுக்குக் கீழே மேடு இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க. கறியும் அப்படி இருந்தா எடுத்துடுங்க.” அந்த மேட்டை அமுக்கி அமுக்கி, சோறு சாப்பிடும்போதும் அமுக்கினேன். பஸ்ஸில் அமுக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து ஒருவர் எனக்குச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் கொடுத்தார்.

எடுத்த கறியை உடனே பரிமாறக் கூடாது. தட்டில் வைத்து மூன்று நூறு சும்மா விட வேண்டும். விருந்தாளியை உட்கார வைத்துவிட்டு, வெந்த கறியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பது நம் ஊரில் வம்புக்கு இழுப்பது. ஆனால் உடனே வெட்டினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும். ஆறவிட்டால் உள்ளேயே நிற்கும். அந்த நேரத்தில்தான் குழம்பு. அதே சட்டியில் பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், ஒரு கரண்டித் தண்ணீர், அடியில் ஒட்டினதைச் சுரண்டு. அடுப்பிலிருந்து இறக்கு. இருபது எண்ணு. பிறகு கடைந்த பாலாடை. கடைசியில் கடுகு. முதல் நாள் வினிகரில் ஊறப் போட்டு அம்மியில் அரைத்தது. கொதிக்கிற சட்டியில் ஆடையை ஊற்றினால் திரிந்துவிடும். கடுகைக் கொதிக்கவிட்டால் காரம் போய்க் கசப்புதான் நிற்கும். உனக்குப் பாட்டில் கடுகும் டப்பா கிரீமும் இருக்கிறது. நீ கொடுத்து வைத்தவள்.

இப்போது அந்த ஒரு நாள்.

நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். அந்த ஆஸ்பத்திரிக்கு அதற்கு முன் வந்த டாக்டர்கள் ஒரு மழைக்காலம் தாண்டியதில்லை. டாக்டர் எஸ்தர் இருந்த இரண்டு வருடத்தில்தான் மலைப் பெண்கள் பிள்ளைப்பேறுக்குப் பயமில்லாமல் வந்தார்கள். அவர் போய்விட்டால் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பூட்டினால் வலி எடுத்தவளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் மலை இறங்க வேண்டும்.

அவருக்கு ஒரே அண்ணன், சாமுவேல். சென்னையில் பெரிய உத்தியோகம். அந்தக் காலத்தில் எங்கள் இடத்தில் செல்போன் பேச வேண்டுமானால் ஒரு பாறை மேல் ஏற வேண்டும். பாறைக்குக் கீழே நின்றால் மறுமுனையில் பேசுகிறவர் குரலும் கேட்கும், கத்திப் பேசினால்.

“அந்த மலையில என்னத்த சாப்பிடறே? எலும்பும் தோலுமா இருக்கே. ஞாயித்துக்கிழமை நானே கார்ல வர்றேன். பெட்டியைக் கட்டி வை.”

“வாண்ணா. வந்து மத்தியானம் சாப்பிடு. அப்பா செய்வாரே, அது. சாப்பிட்டுட்டுச் சொல்லு, கட்டறேன்.”

“அங்கயா? அதை யாரு செய்வா?”

“ஆள் இருக்கு.”

பாறையிலிருந்து இறங்கி வந்தவர் என்னைப் பார்த்தார். “கேட்டுச்சா?”

“இல்லம்மா.”

“ஞாயித்துக்கிழமை கை நடுங்கக் கூடாது, ஏழுமலை” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நீலப் பெட்டியில் இரண்டு துண்டு, அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. அப்படி ஒரு கறி அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. தொட்டியில் கழுவினேன், பூனைகள் பார்த்தன. ஒற்றினேன், உப்புத் தூவினேன், தட்டால் மூடிச் சமையலறைப் பலகையில் வைத்தேன். பாலாடைக்காக எதிர்ச் சரிவில் மாடு வைத்திருக்கிற வீட்டுக்கு நடந்தேன். போக வர ஒரு மணி நேரம்.

திரும்பி வந்தால் சமையலறையில் சரசு. ஆஸ்பத்திரியைப் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. சங்கராபுரத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிட மூத்தது. முகமெல்லாம் பெருமை.

“அண்ணே, ஒன்னோட மானத்த காப்பாத்திட்டேன்.”

“இன்னாத்த காப்பாத்துன?”

“மெட்ராசுலேர்ந்து பெரிய மனுசரு வராரு, நீ பாட்டுக்குக் கழுவாத கறிய மூடி வெச்சிட்டுப் போற. நாளைக்கு அந்த மனுசனுக்கு வவுத்த கலக்குச்சின்னா ஆரு பதில் சொல்றது? நல்லா மஞ்சள் போட்டு நாலு தண்ணி கழுவிட்டேன்.”

தட்டைத் திறந்தேன். ஒரு துண்டு முழுசாக, கல்யாணப் பெண் மாதிரி மஞ்சள் பூசிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது.

“இன்னொன்னு எங்க?”

“இம்மாம் பெருசா இருந்தா எப்புடி வேவும்? அதான் அரிஞ்சிட்டேன். இதயும் அரியத்தான் கத்தி தீட்டிகினு இருந்தேன்.”

பக்கத்துச் சட்டியில் சுண்டைக்காய் அளவில் துண்டு துண்டாகக் கிடந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாண்ணே, ஒரு நன்றிகூட சொல்ல மாட்டேன்ற?”

என்ன சொல்வது? நான் ஏற்கெனவே கழுவிவிட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தால் அவள் தொட்டிருக்கவே மாட்டாள். டாக்டரம்மாவை நம்ப வைப்பதற்காகச் சரசுவிடமும் கழுவவில்லை என்று நானேதான் சொல்லி வைத்திருந்தேன். இப்போது டாக்டரம்மாவிடம் ஓடிப் போய்ச் சொல்லவும் முடியாது. ஒன்றைச் சொன்னால் இரண்டு வருடத்தையும் சொல்ல வேண்டும். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

“சரசு, துணி டப்பாவ எடு.”

“எந்தத் துணி?”

“புண்ணுக்குக் கட்டுறது.”

“கறிக்கு இன்னா அடி பட்டுச்சு?”

“எடு சொல்றேன்.”

டப்பாவில் இரண்டே துண்டுகள்தான் இருந்தன. முதல்முறையாக அன்றைக்குத்தான் அலமாரியிலிருந்து பிரிக்காத சுருள் ஒன்றைப் பிரித்தேன். நானும் அவளும் கறியை நடுவில் வைத்துக்கொண்டு காலொடிந்தவனுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி சுற்றினோம், அவிழ்த்தோம், சுற்றினோம். துணிதான் மஞ்சளானது, கறியிலிருந்த மஞ்சள் போகவில்லை. சரசு பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

“அப்ப நீ எப்பவும் கழுவிட்டுத்தான்...”

“வாய மூடு.”

“அடப்பாவி அண்ணே.” அதற்குப் பிறகு அவளும் என் பொய்யைத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தாள்.

ஈரம் போய்விட்டது. மஞ்சளுக்கு என்ன செய்வது என்று நின்றபோது கடுகு அரைத்த கிண்ணம் கண்ணில் பட்டது. அதுவும் மஞ்சள். கடவுள் சில சமயம் நிறத்திலேயே வழி காட்டுவார். நறுக்கின துண்டுகளைச் சரசுவிடம் தள்ளினேன்.

“இத இன்னா பண்றது?”

“ஒங்கம்மா எப்புடிச் செய்வாங்களோ அப்புடிச் செய்யி.”

சட்டி காய்ந்து புகைந்தது. கறி விழுந்ததும் சீறியது. அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும், அங்கே பேச்சு நின்றது. இரண்டு நூறு. கை நடுங்கியது, எண்ணிக்கை நடுங்கவில்லை. திருப்பினேன். இரண்டு நூறு. கட்டைவிரல் மேட்டை அமுக்கினேன். எடுத்து ஆறவிட்டேன். குழம்பில் கடுகை வழக்கத்தைவிட ஒரு கரண்டி ஜாஸ்தி போட்டு, கறி கண்ணில் படாத அளவுக்கு ஊற்றினேன். அடுத்த அடுப்பில் சரசு மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, துண்டுகளைச் சுருள வறுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் தட்டில் முழுத்துண்டு. தங்கை தட்டில் வறுவல். டாக்டரம்மா தன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவோரம் நின்ற சரசுவைப் பார்த்தார். சாமுவேல் சார்தான் கேட்டார்.

“உனக்கு மட்டும் ஏன் வேற?”

“எனக்கு இது பழகிடுச்சுண்ணா.”

அவர் கத்தியால் அறுத்தார். உள்ளே ரோஜா நிறம். ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார். மென்று முடித்து, “அப்பா...” என்றார். அப்படியே நிறுத்தி, நாக்கால் எதையோ தேடினார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஒன்றை இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய வெள்ளை நூல். தட்டின் ஓரத்தில் வைத்தார்.

நான் இரண்டு நூறுக்கு மூச்சை நிறுத்தினேன்.

“என்ன இது?”

“நரம்பு சார்” என்றேன். “மலை ஏறி எறங்குற மாடு.”

டாக்டரம்மா குனிந்து அந்த நூலைப் பார்த்தார். ஆயிரம் புண்ணுக்கு அந்தத் துணியை வைத்துக் கட்டினவர். நிமிர்ந்து, “ஆமாண்ணா. நரம்புதான்” என்றார். சரசு வெளியே ஓடிப் போய்த் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் சிரித்தாள்.

சாமுவேல் சார் முழுத்துண்டையும் சாப்பிட்டு முடித்தார். தட்டில் இருந்த குழம்பை விரலால் வழித்தார். “அப்பா செஞ்சதைவிடக் கடுகு ஜாஸ்தி” என்றார். பிறகு தங்கை தட்டிலிருந்து ஒரு வறுவல் துண்டை எடுத்தார். இன்னொன்று எடுத்தார். தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது எங்க வாங்கினது?”

“இங்கயே செஞ்சது.”

“இன்னும் இருக்கா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சரசு சட்டியோடு வந்தாள். மூன்று முறை போட்டாள். நாலாவது முறை அவரே சட்டியைப் பிடித்துக்கொண்டார். காலியான சட்டியில் சோற்றைப் போட்டுத் துடைத்துச் சாப்பிட்டார், சத்தியமாக.

கை கழுவிவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா பக்கத்தில் நின்றார்.

“பெட்டி கட்டவாண்ணா?”

“எதுக்கு? நீ இங்க என்னைவிட நல்லாத்தான் சாப்பிடறே” என்றார். காரில் ஏறும்போது சரசுவைக் கூப்பிட்டு, மிளகு எத்தனை என்று கேட்டு, போனில் குறித்துக்கொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இன்னும் கொஞ்சம் உண்டு.

அதற்குப் பிறகு டாக்டரம்மா முழங்கால் கெடுகிற வரைக்கும் அந்த மலையில்தான் இருந்தார். அந்த நூலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் மாதத்தில் ஒரு ஞாயிறு தொட்டிக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். ஒரு மாறுதல், டப்பாவில் துண்டுத் துணி குறையவே இல்லை. எத்தனை எடுத்தாலும் அடுத்த மாதம் நிறைந்திருக்கும். நம் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

போன வருடம் நான் வேலையை விட்டு இறங்கிய அன்று மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். சென்னையிலிருந்து டாக்டரம்மா தடி ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் போன பிறகு ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தார். பிரித்தேன். பிரிக்காத சுருள்கள், பன்னிரண்டு. புண்ணுக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி.

“வீட்டுல கறி துடைக்க” என்றார். “இனிமே தொட்டிக்குப் போக வேணாம். சமையக்கட்டுலயே கழுவுங்க.”

சுருள்களை மறுபடி பொட்டலத்துக்குள் திணித்தேன். “எப்பலேர்ந்தும்மா தெரியும்?”

“மூணாவது மாசத்துலேர்ந்து. ஆஸ்பத்திரிப் பூனை எல்லாம் கறி நாளன்னிக்கு மட்டும் தொட்டிகிட்ட வரிசையா உட்காந்திருக்கும்.”

“அப்புறம் ஏம்மா ஒண்ணுமே சொல்லல?”

அவர் என் கையை வாங்கி, கட்டைவிரல் மேட்டை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

“கறி நல்லா இருந்துச்சே” என்றார்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு இன்று காலை செல்வியைக் கூப்பிட்டேன்.

“பால் காஞ்சிடுச்சா பெரிப்பா? ஒரு வாரம் ஆச்சு. கறி இன்னும் ஐஸ் பொட்டியிலயே கீது” என்றாள்.

“கேட்டுக்க. டாக்டருகிட்ட கழுவலன்னு சொல்லு.”

“ம்.”

“சரசுகிட்ட கழுவிட்டேன்னு சொல்லு. அத மறந்துடாத, அதான் முக்கியம்.”

“ரெண்டு பேருக்கும் ரெண்டு சொல்லிட்டா, நெசமா நான் இன்னா பண்றது?”

“அத கறிகிட்ட கேளு” என்றேன். “அப்புறம், மொதல்ல பூனைங்கள கட்டிப் போடு.”